மகளைச் சாரணியர் குழுவில் சேர்க்கலாமா?

அண்ணே, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளியில் சாரணியர் குழுவில் சேரக் கேட்கிறாள், படிப்பு கெட்டுவிடுமோ, வெளியூர் முகாம் என்று இரவு தங்கச் சொல்வார்களோ என்று கவலைப்படுகிறீர்கள். சேர்த்துவிடுங்கள். அதையும் இந்த வருடமே செய்யுங்கள்.

ஏன் இந்த வருடமே என்றால், இதில் படிகள் உண்டு. முதலில் பிரவேஷ் என்ற நுழைவுநிலை, அப்புறம் சோபான் எனப்படும் மூன்று நிலைகள், அதற்கு மேல் ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருது, கடைசியில் குடியரசுத் தலைவர் விருது. ஒவ்வொன்றுக்கும் பல மாதங்கள் ஆகும். பத்தாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு குறுக்கே வந்து நிற்கும். இப்போது சேர்ந்தால் அதற்குள் பாதிப் படிகளாவது ஏறிவிடலாம்.

முகாம் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. கூட வரும் ஆசிரியை யார், எங்கே தங்குகிறார்கள், குளியலறை எப்படி, செலவு எவ்வளவு என்று பள்ளியில் நேரில் போய்க் கேளுங்கள். கூச்சமே வேண்டாம். 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் சாரணர் இயக்கத்தின் வைர விழா ஜாம்போரி என்ற பெரிய முகாம் நடந்ததே, அதற்கு நாடெங்கும் இருந்து பெண் பிள்ளைகளும் வந்து கூடாரத்தில் தங்கினார்கள்.

சாரணியர் குழுவில் முடிச்சுப் போடவும், கம்புகளைக் கயிற்றால் கட்டி மேடை அமைக்கவும், திசை பார்க்கவும், முதலுதவி செய்யவும் கற்றுத் தருவார்கள். படகில் நங்கூரக் கயிறு கட்டும் மீனவரான உங்களுக்கு முடிச்சு பெரிய விஷயமில்லை. மகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள், அவள் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகூட ஓர் அணிக்குத் தலைவியாக நின்று பேசப் பழகுவது இப்படித்தான். நேர்முகத் தேர்வில் நம் பக்கத்துப் பிள்ளைகள் தடுமாறுவது அறிவு இல்லாமல் அல்ல, இந்தப் பழக்கம் இல்லாமல்தான். இதற்காக மட்டுமே சேர்த்தாலும் போதும் என்பேன்.

வேலை? சேர்ந்தால் வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு உண்மையில் உண்டு, ஆனால் இடங்கள் மிகக் குறைவு. குடியரசுத் தலைவர் விருது போன்ற தகுதியோடு, தொடர்ந்து சில ஆண்டுகள் இயக்கத்தில் இருந்ததற்கும், மாநில, தேசிய நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டதற்கும் சான்று கேட்பார்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் கடலோரக் காவல்படையையும் உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளத்தையும் பார்த்து வளரும் பிள்ளைக்குச் சீருடை ஆசை வரலாம். வந்தால் பதினொன்றாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் உள்ள பாடப்பிரிவை எடுக்கச் சொல்லுங்கள். கடலோரக் காவல்படையின் பொதுப்பணி அதிகாரி பதவிக்குப் பட்டத்தோடு அந்த இரண்டும் வேண்டும். கல்லூரியில் என்.சி.சி. என்ற தேசிய மாணவர் படையில் சேர்ந்து 'சி' சான்றிதழ் வாங்கினால், ராணுவ அதிகாரித் தேர்வுக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே நேர்முகத்துக்குப் போகும் வழியும் உண்டு, பெண்களுக்கும்தான்.

ஒவ்வொரு சான்றிதழிலும் அவள் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆகியவை பள்ளிப் பதிவில் உள்ளபடியே இருக்கிறதா என்று வாங்கும்போதே சரிபாருங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, உப்புக்காற்றும் மழையும் படாத இடத்தில் வையுங்கள்.