முதல் தடவை ஸ்னோபோர்டா? முதல் நாள் பிரேக்கை மட்டும் பழகுங்க

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "எனக்கு 39 வயசு. அடுத்த மாசம் ஃப்ரெண்ட்ஸோட மூணு நாள் பனிமலைக்குப் போறேன். அவங்க எல்லாருக்கும் ஸ்னோபோர்டிங் நல்லாத் தெரியும், கிளாஸுக்கு எதுக்குக் காசு, நாங்களே சொல்லித் தர்றோம்னு சொல்றாங்க. நான் இதுவரைக்கும் பனியில கால் வெச்சதே இல்ல. ஸ்கீயிங்தான் ஈசின்னு வேற சிலர் சொல்றாங்க. கை கால் உடைஞ்சுடுமோன்னு பயமாவும் இருக்கு. என்னென்ன வாங்கணும், எப்படி ஆரம்பிக்கணும்?"

கிளாஸ் விஷயத்தை முதல்ல பேசிடலாம், மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான். கண்டிப்பா கிளாஸுக்குப் போங்க. உங்க ஃப்ரெண்ட்ஸ் ஆசையாதான் சொல்றாங்க, அதுல சந்தேகமே இல்ல, ஆனா நல்லா ஓட்டுறவங்களுக்கு அது உடம்போட ஊறிப்போயிருக்கும், தான் எப்படித் திரும்புறோம்னு அவங்களுக்கே சொல்லத் தெரியாது, அதனால உங்களை நேரா லிஃப்ட்ல, அதாவது கம்பியில தொங்கிட்டே மலை ஏறற நாற்காலியில, மேல கூட்டிட்டுப் போயி ரெண்டு காலையும் போர்டுல மாட்டிவிட்டு "முட்டியை மடக்கு, பயப்படாத, திரும்பு திரும்பு"ன்னு கத்துவாங்க. நான் இத்தனை வருஷமா சொல்லிக்குடுத்துட்டு இருக்கேன், மத்தியான கிளாஸுக்கு வர்றவங்கள்ல நிறைய பேர் காலையில இப்படிப் போயி இடுப்பும் மணிக்கட்டும் வலிச்சு, கண் கலங்கி, இது நமக்கு வராதுன்னு முடிவே பண்ணிட்டு வந்தவங்கதான். அவங்களுக்கு வராம இல்ல, யாரும் பிரேக்கைக் காட்டிக்குடுக்கல, அவ்வளவுதான். முதல் நாள் காலையில ஒரு கிளாஸ், ரெண்டாவது நாள் காலையில ஒரு கிளாஸ், இது போதும்.

ஸ்கீயா போர்டாங்கறதுக்கு: ஸ்கீயில ரெண்டு காலும் தனித்தனியா இருக்கும், தடுமாறினா ஒரு காலை நகத்தி சமாளிச்சுக்கலாம், கையில குச்சி வேற இருக்கு, அதனால முதல் நாளே கொஞ்ச தூரம் போயிடலாம். போர்டுல ரெண்டு காலும் ஒரே பலகையில பூட்டியிருக்கும், முதல் ஒண்ணரை நாள் விழுந்து எந்திரிக்கறதுலயே போகும், ஆனா அதைத் தாண்டிட்டா அப்புறம் மளமளன்னு வந்துடும். உங்களுக்கு மூணு நாள் இருக்கு, ஆசையும் இருக்கு, தாராளமா போர்டே எடுங்க. ஒரே ஒரு நாள்னா ஸ்கீ எடுக்கத்தான் சொல்லியிருப்பேன்.

இப்ப அந்த பிரேக். 1965ல அமெரிக்காவுல மிச்சிகன்ல ஷெர்மன் பாப்பன்னு ஒருத்தர் தன் பொண்ணுங்க விளையாட ரெண்டு ஸ்கீயை ஒண்ணாச் சேத்துப் பூட்டி ஒரு பலகை பண்ணினாரு, ஸ்னர்ஃபர்னு பேரு, இன்னைக்கு இருக்கற போர்டுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. அதுல காலை மாட்ட பைண்டிங் கிடையாது, பிடிச்சுக்க முன்னாடி மூக்குல ஒரு கயிறு இருக்கும். இன்னைக்கு உங்க போர்டுல கயிறு இல்ல, அதுக்குப் பதிலா ரெண்டு பக்க ஓரத்துலயும் மெல்லிசா ஸ்டீல் பட்டை ஓடும், அதுதான் எட்ஜ். கால்விரல் பக்கம் ஒண்ணு, குதிகால் பக்கம் ஒண்ணு. உங்க ஸ்டியரிங்கும் அதுதான் பிரேக்கும் அதுதான். போர்டைத் தட்டையா வெச்சா அது உங்க பேச்சைக் கேக்காது, சாச்சு ஒரு எட்ஜ்ல நின்னாதான் கேக்கும்.

முதல் நாள் நீங்க பண்ணவேண்டியது இதுதான். ரொம்பச் சின்ன சரிவுல கீழ்ப்பக்கம் பாத்து, போர்டு சரிவுக்குக் குறுக்கா இருக்கற மாதிரி நில்லுங்க, முட்டியை லேசா மடக்கி, அரைவாசி நாற்காலியில உக்காந்த மாதிரி, முதுகு நிமிர்ந்து, பார்வை தூரத்துல. இப்ப உங்க வெயிட் முழுசும் குதிகால் எட்ஜ்ல இருக்கு, போர்டு நகராது. பூட்ஸுக்குள்ள கால்விரலை ஒரு துளி கீழ இறக்குங்க, சர்ர்ர்னு ஒரு சுரண்டற சத்தம் வரும், போர்டு அப்படியே குறுக்குவாக்குல கீழ வழுக்க ஆரம்பிக்கும். விரலை மறுபடி மேல தூக்குங்க, நின்னுடும். இறக்கினா போகும், தூக்கினா நிக்கும். அந்த சத்தம் காதுல விழுந்துட்டே இருந்தா நீங்க கட்டுப்பாட்டுல இருக்கீங்கன்னு அர்த்தம். இதையே மலைப்பக்கம் திரும்பி நின்னு விரல் எட்ஜ்லயும் பழகணும், அதுல கெண்டைக்கால் எரியும், பரவால்ல. அப்புறம் போர்டை இடதுபக்கம் கொஞ்சம், வலதுபக்கம் கொஞ்சம்னு இலை உதிர்ந்து விழுற மாதிரி ஊசலாடி ஊசலாடி இறங்கணும், இங்கிலீஷ்லயும் அதுக்கு ஃபாலிங் லீஃப்னுதான் பேரு. இது ரெண்டும் கைவந்துட்டா மலையோட எந்த ஈசியான பாதையிலயும் பத்திரமா கீழ வந்துடலாம், ஒரு தடவைகூட திரும்பாமலேயே. அதனாலதான் முதல் நாள் திரும்பறதைப் பத்தி நினைக்கவே வேண்டாம்ங்கறேன்.

எல்லாரும் பயப்படற அந்தப் பெரிய அடி எப்படிப் படுதுன்னும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. சரிவுல கீழ்ப்பக்கமா இருக்கற எட்ஜ் பனியில உரசவே கூடாது. லேசா உரசினாக்கூட டக்குனு மாட்டிக்கும், போர்டு நின்னுடும், உடம்பு நிக்காது. கீழ பாத்து நின்னா முன்னாடி தலகுப்புற, மலையைப் பாத்து நின்னா மல்லாக்க. ரெண்டாவதுதான் மோசம், பின்மண்டை அடிபடும். ஹெல்மெட் இல்லாம ஏறாதீங்கன்னு நான் சண்டை போடறதுக்குக் காரணம் இதுதான், நீங்க எவ்வளவு மெதுவாப் போனாலும் இது நடக்கும், மெதுவாப் போறப்பதான் போர்டு தட்டையாகி அடிக்கடி நடக்கும்.

விழத்தான் போறீங்க, அதனால விழறதையும் பழகிக்கணும். ஸ்கீயில முட்டிக்கு ஆபத்துன்னா போர்டுல புதுசா பழகறவங்களுக்கு அதிகமா அடிபடறது மணிக்கட்டு, ஏன்னா விழும்போது கை தானா நீண்டு ஊனப் பாக்கும். முன்னாடி விழுந்தா கையை மூடி முஷ்டியா வெச்சு, முழங்கைல இருந்து முஷ்டி வரைக்கும் மொத்தமா பனியில படற மாதிரி விழுங்க. பின்னாடி விழப்போறீங்கன்னு தெரிஞ்சா உடனே குத்தவெச்சு உக்காந்துடுங்க, தாடையை நெஞ்சோட ஒட்டிக்கோங்க, அப்படியே முதுகுல உருண்டுடுங்க, கையைப் பின்னாடி மட்டும் கொண்டுபோகாதீங்க. வீட்ல மெத்தைமேல ஒரு வாரம் தினமும் பத்து தடவை இதைச் செஞ்சு பாருங்க, அங்க போனப்புறம் உடம்பே பாத்துக்கும். மணிக்கட்டு மடங்காமத் தாங்கிப் பிடிக்க கிளவுஸுக்குள்ள போடற ரிஸ்ட் கார்டுன்னு ஒரு பட்டை கிடைக்கும், அதை மட்டும் போறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க. கீழ்முதுகெலும்பு முனைக்கு ஒரு பேட் வெச்ச ஷார்ட்ஸும் கிடைக்கும், ரெண்டாவது நாள் உக்கார முடியறதுக்கே அது உதவும். இன்னொண்ணு, விழுந்தப்புறம் கட்டைவிரலுக்கு அடியில, மணிக்கட்டுக்குக் கிட்ட இருக்கற அந்தக் குழியில அழுத்தினா வலிச்சதுன்னா சுளுக்குன்னு விட்டுடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. அங்க ஸ்கேஃபாய்டுன்னு ஒரு குட்டி எலும்பு இருக்கு, அதுல விழற விரிசல் சில சமயம் முதல் எக்ஸ்ரேல தெரியாது, ரத்த ஓட்டமும் அங்க கம்மி, அதனால கவனிக்காம விட்டா சேராமலே போயிடலாம்.

திரும்பறது ரெண்டாவது நாள் கிளாஸ்ல வரும். அதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் மனசுல வெச்சுக்கோங்க: வெயிட் முன்கால்ல. பயம் வந்தா உடம்பு தானா பின்னாடி, மலைப்பக்கமா சாயும், அப்ப போர்டோட மூக்கு லேசாகிடும், திரும்பாது, நேரா கீழயே பாயும், வேகம் கூடும், இன்னும் பயந்து இன்னும் பின்னாடி சாய்வீங்க. திரும்பணும்னா முன்தோளும் முன்கையும் போகவேண்டிய பக்கம் காட்டட்டும், கண்ணும் அங்கேயே இருக்கட்டும், இடுப்பு முன்காலுக்கு மேல வரட்டும். போர்டு ஒரு வினாடி நேரா கீழ பாக்கும், அந்த ஒரு வினாடிதான் எல்லாருக்கும் வயித்தைக் கலக்கும், அதைப் பொறுத்துக்கிட்டா அடுத்த எட்ஜ் பிடிச்சுடும்.

எந்தக் கால் முன்னாடின்னு வாடகைக்குத் தர்ற இடத்துலயே கேப்பாங்க. இடதுகால் முன்னாடின்னா ரெகுலர், வலதுகால்னா கூஃபி. வீட்ல சாக்ஸ் போட்டு வழவழப்பான தரையில ஓடிவந்து சறுக்கிப் பாருங்க, எது தானா முன்னாடி வருதோ அதை வெச்சு ஆரம்பிங்க, சரியா வரலைன்னா மாத்திக்கலாம்.

போர்டு, பைண்டிங், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாமே வாடகைக்கு எடுங்க, எதையும் வாங்காதீங்க. போர்டு வளையற மாதிரி சாஃப்ட்டா, நிறுத்தி வெச்சா தாடைக்கும் மூக்குக்கும் நடுவுல வர்ற உயரத்துல இருக்கட்டும், உயரத்தைவிட உங்க எடையைக் கரெக்டா சொல்றது முக்கியம். ஆனா நீங்க நேரம் செலவு பண்ணவேண்டியது பூட்ஸ்லதான். நிமிர்ந்து நின்னா விரல்நுனி முன்னாடி லேசாத் தொடணும், முட்டியை மடக்கினா கொஞ்சம் பின்னாடி வரணும், நுனிக்கால்ல நின்னா குதிகால் உள்ள தூக்கக்கூடாது. குதிகால் தூக்கிச்சுன்னா நீங்க விரலை அசைச்சாலும் அது எட்ஜுக்குப் போய்ச் சேராது, அதனால கூச்சப்படாம நாலு ஜோடி மாத்திப் பாருங்க. சாக்ஸ் ஒண்ணே ஒண்ணுதான் போடணும், உல்லன் இல்லன்னா சிந்தெட்டிக். குளிருக்கு ரெண்டு சாக்ஸ் போட்டா இறுகி ரத்த ஓட்டம் குறைஞ்சு இன்னும்தான் ஜில்லுனு ஆகும்.

டிரெஸ்ல காட்டன் வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், பாதி நாள் பனியிலதான் உக்காந்திருப்பீங்க, நனைஞ்சா காயாது. உள்ள உல்லன் இல்ல சிந்தெட்டிக், நடுவுல ஃப்ளீஸ், வெளிய வாட்டர்ப்ரூஃப் பேன்ட்டும் ஜாக்கெட்டும். வெயில்தானே இல்லன்னு சன்ஸ்கிரீனை விட்டுடாதீங்க, புதுப்பனி புற ஊதாக் கதிர்ல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்கும், 1000 மீட்டர் ஏறினா அந்தக் கதிரோட வீச்சும் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும், மூக்குக்கு அடியிலயும் தாடைக்கு அடியிலயும் பூசணும். காகில்ஸும் கண்டிப்பா வேணும்.

லிஃப்ட்ல ஏறும்போது பின்கால் பைண்டிங்கைக் கழட்டி வெச்சிருக்கணும், முன்கால் மட்டும் மாட்டியிருக்கும். இறங்கற இடம் வந்ததும் போர்டு நேரா முன்னாடி பாக்கட்டும், கழட்டின காலை ரெண்டு பைண்டிங்குக்கும் நடுவுல, பின்பைண்டிங்கை ஒட்டி அழுத்தி வெச்சு எந்திரிச்சு நேரா போங்க, கீழ பாக்காதீங்க, பக்கத்துல இருக்கறவங்களைப் பிடிக்காதீங்க. ஒரு காலோட சறுக்கறதைச் சமதரையில கால் மணிநேரம் பழகிட்டுப் போனா இதுல விழமாட்டீங்க. போர்டைக் கழட்டி வெச்சா பைண்டிங் பக்கம் கீழ இருக்கற மாதிரி கவுத்து வைங்க, இல்லன்னா அது தனியா மலையிறங்கிப் போய் யார் காலையாவது உடைச்சுடும்.

பாதையோட கலர் எல்லா ஊர்லயும் ஒரே அர்த்தம் இல்ல. நீலம்னா ஐரோப்பாவுல ஈசி, வட அமெரிக்காவுல அதே நீலம் நடுத்தரம், அங்க ஈசிக்குப் பச்சை வட்டம். மேப்ல இருக்கற குறிப்பைப் படிச்சுட்டு ஏறுங்க. உங்களுக்கு முன்னாடி, கீழ போறவங்களுக்குத்தான் எப்பவும் முதல் உரிமை, மேல இருந்து வர்றவங்கதான் ஒதுங்கணும். மூச்சு வாங்க உக்காரணும்னா பாதையோட ஓரத்துக்குப் போங்க, மேட்டுக்கு அந்தப்பக்கம் மறைவா உக்காராதீங்க, மேல இருந்து வர்றவங்க கண்ணுக்கு நீங்க தெரியமாட்டீங்க.

இந்த ஒரு மாசத்துல தினமும் உக்காந்து எந்திரிக்கறது, நுனிக்கால்ல எம்பி இறங்கறது, பிளாங்க், இந்த மூணையும் செய்ங்க. விழுந்து விழுந்து எந்திரிக்கறதுலதான் பாதி சக்தி போகும். டிராவல் இன்சூரன்ஸ்ல குளிர்கால விளையாட்டு சேந்திருக்கான்னு படிச்சுப் பாருங்க, பல பாலிசியில தனியாக் கேட்டாதான் சேப்பாங்க. கால் நடுங்க ஆரம்பிச்சா மணி மூணுன்னாலும் அன்னைக்கு அதோட நிறுத்திடுங்க, இன்னும் ஒரே ஒரு ரவுண்டுன்னு யார் கூப்பிட்டாலும் வேண்டாம்.

மூணாவது நாள் ஃப்ரெண்ட்ஸோட சேந்து ஓட்டுங்க, இருக்கறதுலயே ஈசியான பாதையில, அவங்களை உங்களுக்குப் பின்னாடி வரச் சொல்லுங்க. முன்னாடி போயிட்டாங்கன்னா நீங்க விழுந்தப்ப அவங்க பனியில மேல ஏறி வர்றதுக்குள்ள பத்து நிமிஷம் ஆயிடும், பின்னாடி வந்தா அப்படியே பக்கத்துல வந்து நின்னு கைகுடுத்துத் தூக்கிடுவாங்க.