சீக்கியர்களின் கோவிலான குருத்வாராவில் பஞ்சாபிக் குடும்பங்களுக்காக நடத்தும் இலவச மருத்துவ முகாமால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. எவ்வளவு என்பது அந்த முகாமின் கடைசி மேசையைப் பொறுத்தது.

நான் பார்மசிஸ்ட். கலிபோர்னியாவில் யூபா சிட்டி பக்கம் குருத்வாரா முகாம்களில் தன்னார்வலராக உட்கார்ந்திருக்கிறேன். நூறு வருஷத்துக்கும் மேலாகப் பஞ்சாபிகள் வாழும் பகுதி இது. பீச், வால்நட் தோட்டங்களில் வேலை செய்தவர்களும் அவற்றை வாங்கியவர்களும் உண்டு. இப்போது லாரி ஓட்டும் குடும்பங்களும் நிறைய. வாரநாளில் ஒரு நாள் லீவு போட்டு டாக்டரிடம் போனால் கூலி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவுக்கு எப்படியும் வருவார்கள். அதனால்தான் முகாமை அங்கே வைக்கிறார்கள். பேசுவது பஞ்சாபியில், கூடவே மகளோ மருமகளோ இருப்பார்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை, இடுப்பளவு எல்லாம் பார்ப்பார்கள். இதில் இரண்டு விஷயம் முக்கியம். தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருகிறது. அதனால் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் ஆசிய வம்சாவளியினருக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு) 23 ஆனாலே பரிசோதிக்கச் சொல்கிறது. மற்றவர்களுக்கு அந்த எல்லை 25. "நான் ஒல்லிதானே" என்று ஒதுங்குகிறவரையும் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். இன்னொன்று, லங்கரில் (குருத்வாராவின் இலவசப் பந்தி) சாப்பிட்டு, நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த கடா பிரசாதமும் வாங்கிக்கொண்டு வருகிறவருக்கு அப்போதைய சர்க்கரை அளவு ஏறித்தான் இருக்கும். கடந்த மூன்று மாத சராசரியைக் காட்டும் ஏ1சி சோதனைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதில் 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை, 6.5 வந்தால் டாக்டர் மறுபடி சோதித்து உறுதி செய்ய வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருகிறவர்கள் லாரி டிரைவர்கள். வரிசைக்குப் பக்கத்தில் நிற்பார்கள், உட்கார மாட்டார்கள். அளவு எங்காவது பதிவாகி லைசென்ஸ் போய்விடும் என்ற பயம். முகாமில் எடுக்கும் அளவு போக்குவரத்துத் துறைக்குப் போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உரிமத்துக்கான மருத்துவச் சான்று அதிகபட்சம் இரண்டு வருஷத்துக்குத்தான் தருவார்கள்; அழுத்தம் 140/90-ஐத் தொட்டுவிட்டால் அந்தக் காலம் குறையும். அப்படியென்றால் முன்கூட்டியே தெரிந்து மாத்திரை எடுப்பதுதானே லாபம்? இன்சுலின் போட்டால் வேலையே போச்சு என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2018இல் விதி மாறிவிட்டது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று சிகிச்சை தரும் மருத்துவர் படிவத்தில் எழுதித் தந்து, மூன்று மாத அளவுப் பதிவும் காட்டினால் சான்று பெற வழி இருக்கிறது. இதைப் பஞ்சாபியில் ஒரு டிரைவரே இன்னொரு டிரைவரிடம் சொன்னால் எடுபடுகிறது. நான் ஆங்கிலத்தில் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சாப்பாட்டு ஆலோசனையும் அப்படித்தான். ரொட்டியை விடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். எத்தனை ரொட்டி, மேலே எவ்வளவு வெண்ணெய், ஒரு நாளைக்கு எத்தனை டீ, அதில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று கேட்டு அதிலிருந்து குறைத்தால் வீட்டில் செய்து பார்க்கிறார்கள்.

சரி, கடைசி மேசை. சர்க்கரை அளவு 190 என்று சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினால் அந்தச் சீட்டு காரிலேயே கிடக்கும். இன்சூரன்ஸ் இல்லாதவருக்கு, வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் சமூக மருத்துவ மையங்கள் இருப்பதே தெரியாது. அங்கேயே உட்கார வைத்து, படிவத்தை நிரப்பி, தேதி வாங்கிக் கொடுத்து, அப்புறம் இரண்டு வாரம் கழித்து போன் பண்ணி "பீஜி (அம்மா), போனீங்களா?" என்று கேட்க ஒருவர் வேண்டும். இந்த வேலைக்கு ஆள் போடாமல் பலூனுக்கும் பேனருக்கும் செலவு செய்யும் முகாம்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பஞ்சாபி அல்லாதவர்களும் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. தலையை மூடிக்கொள்ளுங்கள், காலணியை வெளியே விடுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகள் உட்பட வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிடுகிறவர்களை அந்தப் பையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம்.