பார்பி ஜாடையில இருக்கிற பொம்மை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்க பெரியம்மா 1991ல லண்டன்ல இருந்து வந்தப்போ எனக்கு ஒரு பொம்மை கொண்டு வந்தாங்க. இத்தனை வருஷமா நாங்க அதை பார்பின்னுதான் நினைச்சிட்டு இருந்தோம், போன மாசம் துடைக்கும்போது பார்த்தா ஹாஸ்ப்ரோன்னு எழுதியிருக்கு. தெரிஞ்சவர் ஒருத்தர் இது சின்டி, பார்பி மாதிரியே இருக்குன்னு கேஸ் போட்டு நிறுத்தினது, லட்சக்கணக்குல போகும்னு சொல்றார். உண்மையா? வித்துடலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: தங்கச்சி, பாதி உண்மை. சின்டி 1963ல இங்கிலாந்துல பெடிக்ரீ கம்பெனி கொண்டு வந்த பொம்மை. அமெரிக்காவுல டாமின்னு ஒரு பொம்மை இருந்துச்சு, அதைப் பார்த்துதான் இவளைச் செஞ்சாங்க. உருண்டை முகம், கொஞ்சம் பெரிய தலை, ஓரக்கண்ணால பார்க்கிற பார்வை, பக்கத்து வீட்டுப் பொண்ணு மாதிரி இருப்பா, பார்பியோட நிக்க வச்சா ரெண்டு பேருக்கும் ஒரு சம்பந்தமும் தெரியாது. 1986ல ஹாஸ்ப்ரோங்கற அமெரிக்கப் பொம்மைக் கம்பெனி கைக்குப் போச்சு, அதுக்கப்புறம் முகமும் உடம்பும் கொஞ்சம் கொஞ்சமா மாறி, 1989ல வந்த சின்டியைப் பார்த்தா பார்பியோட கூடப்பிறந்தவன்னே சொல்லலாம். பார்பியைச் செய்யற மேட்டல் கம்பெனி கேஸ் போட்டாங்க, 1992ல சமரசம் ஆச்சு, முகத்தை மாத்திடறோம்னு ஹாஸ்ப்ரோ ஒத்துக்கிட்டாங்க. அதனால நின்னு போனது அந்த முகம்தான், சின்டி நிக்கல. உங்ககிட்ட இருக்கறது வாங்கின வருஷத்தை வச்சுப் பார்த்தா அந்த நின்னு போன முகமாத்தான் இருக்கணும்.

லட்சம்லாம் வராதும்மா. அந்த மூணு வருஷத்துல நிறைய வித்துச்சு, இப்பவும் இங்கிலாந்துல பழைய சாமான் விக்கிற இடங்கள்ல சாதாரணமா கிடைக்குது. பெட்டியோட, டிரஸ் ஷூ எதுவும் தொலையாம இருந்தா கொஞ்சம் கூட கிடைக்கும், அவ்வளவுதான். என்னைக் கேட்டா விக்காதீங்க, பெரியம்மா கையால வந்தது, அதோட ஒரு முகத்துக்காக ரெண்டு பெரிய கம்பெனி மோதினதுக்கு சாட்சி உங்க அலமாரியில நிக்குது, அது சின்ன விஷயமா சொல்லுங்க?

கேள்வி: பார்பியே ஒரு ஜெர்மன் பொம்மையைப் பார்த்து செஞ்சதுன்னு சொல்றாங்களே, அது எப்படி மத்தவங்க மேல கேஸ் போட முடியுது? அந்த ஜெர்மன் பொம்மை இப்ப கிடைக்குமா?
- வாசகர், ஈரோடு

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திட்டு இருந்தேன். அவ பேரு லில்லி. ஜெர்மனியில பில்ட் பத்திரிகையில ரைன்ஹார்ட் பாய்த்தியன் 1952 ஜூன்ல இருந்து வரைஞ்ச கார்ட்டூன் பொண்ணு, யாருக்கும் பயப்படாம வாய் பேசுறவ. 1955 ஆகஸ்ட்ல பொம்மையா வந்தா, 30 சென்டிமீட்டர்ல ஒண்ணு, 19 சென்டிமீட்டர்ல ஒண்ணு. பெரியது 12 மார்க், சின்னது 7.50 மார்க், முதல்ல குழந்தைங்களுக்கு இல்ல, பெரியவங்க வாங்குற பொருளா சிகரெட் கடையிலகூட வித்தாங்க. 1956ல மேட்டலைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான ரூத் ஹேண்ட்லர் குடும்பத்தோட சுவிட்சர்லாந்து போனப்போ அவளைப் பார்த்து மூணு வாங்கினாங்க, ஒண்ணு மகள் பார்பராவுக்கு. 1959 மார்ச் 9ல நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில பார்பி வந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ஓரமா பார்க்கிற கண்ணு, வில் மாதிரி புருவம், குதிரைவால் கொண்டை, நான் வேற எதுவும் சொல்லவே வேண்டாம்.

1961ல லில்லியைச் செஞ்ச ஜெர்மன் கம்பெனி, அமெரிக்காவுல அதுக்கு லைசன்ஸ் வாங்கியிருந்த லூயிஸ் மார்க்ஸ் கம்பெனியோட சேர்ந்து மேட்டல் மேல கேஸ் போட்டாங்க, இடுப்பு மூட்டு எங்க பேட்டன்ட்னு. மேட்டலும் திருப்பிப் போட்டாங்க. 1963ல அது முடிஞ்சு, 1964ல மேட்டல் லில்லியோட உரிமையை 21,600 டாலருக்கு வாங்கினாங்க, அத்தோட லில்லி செய்யறது நின்னு போச்சு. எனக்கு இது இன்னிக்கு வரைக்கும் மனசு ஆறல, முன்னாடி பிறந்தவளை பின்னாடி வந்தவளுக்காக நிறுத்தினது எனக்கு நியாயமா படல. ஆனா சட்டப்படி பார்த்தா உரிமையை காசு கொடுத்து வாங்கியாச்சு, அதனால மத்தவங்களைக் கேக்க முடியுது. 2004ல அமெரிக்க மேல்முறையீட்டு கோர்ட்டு வேற ஒரு கேஸ்ல பார்பியோட மூக்கு, உதடு, கண்ணு இந்த வடிவத்துக்கு காப்பிரைட் உண்டுன்னு சொன்னாங்க, ஆனா மேல்நோக்கின மூக்கு, பெரிய கண்ணுங்கற எண்ணத்தை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அப்படியே அந்த முகத்தை எடுத்தாதான் தப்பு.

லில்லி இப்பவும் கிடைக்கும், ஆனா விலை அதிகம், ஏமாத்தும் அதிகம். நான் முதல்ல லில்லின்னு நம்பி வாங்கினது ஹாங்காங்ல செஞ்ச காப்பி, ராத்திரி முழுக்க அழுதேன். இப்ப நான் பார்க்கிறது முதுகுல ஹாங்காங்னு இருக்கான்னு, இருந்தா அங்கயே நிறுத்திடுவேன். உண்மையான லில்லி கெட்டியான பிளாஸ்டிக், கறுப்பு ஷூவும் கம்மலும் உடம்போட சேர்த்தே அச்சு, கழட்ட முடியாது. முடி தலையில நட்டது இல்ல, தனி மூடி மாதிரி செஞ்சு உள்ள ஒரு ஸ்க்ரூவால பிடிச்சிருக்கும். கை காலை உள்ள ரப்பர் பேண்ட்தான் பிடிச்சிருக்கு, அது இத்தனை வருஷத்துல தளர்ந்திருக்கும், கை தொங்கினா போலின்னு நினைச்சிடாதீங்க. அவளை வச்சு வித்த கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாயும் குட்டி பில்ட் பேப்பரும் கூட இருந்தா கையை விடாதீங்க.

கேள்வி: என்கிட்ட பழைய பார்பி, சின்டி ரெண்டும் இருக்கு, பாலிதீன் கவர்ல போட்டு வச்சா போதுமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: இந்த ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் கவர் வேண்டவே வேண்டாம்மா, பழைய வினைல் வேர்க்க ஆரம்பிச்சு கால் பிசுபிசுன்னு ஆயிடும். பருத்தித் துணியில சுத்தி, வெயில் படாத அலமாரியில, காத்து போற மாதிரி வைங்க. உலோகக் கம்மல் போட்டிருந்தா இன்னிக்கே கழட்டிடுங்க, காதைச் சுத்திப் பச்சை படிஞ்சா எளிதுல போகாது.