பெற்றோரை இழந்த மூன்று பிள்ளைகளை உறவினர்கள் ஆளுக்கொருவராக எடுத்து வளர்ப்பது சரியா?

முடிந்தவரை பிரிக்காதீர்கள். மூத்தவள் பெரியப்பா வீட்டுக்கு, நடுவுள்ளவன் விடுதிக்கு, கடைக்குட்டி மாமா வீட்டுக்கு என்று நீங்கள் எழுதியிருக்கும் ஏற்பாடு நம் குடும்பங்களில் வழக்கமாக நடப்பதுதான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, மூன்று பேரையும் சேர்த்து வைத்துக்கொள்ள ஒரு வீட்டிலும் வசதி இல்லை. ஆனால் அம்மா எப்படித் தூங்க வைப்பாள், அப்பா எதற்கெல்லாம் கோபப்படுவார் என்று பேசிக்கொள்ள அந்தப் பிள்ளைகளுக்கு ஒருவரையொருவர் விட்டால் வேறு ஆள் கிடையாது.

எங்கள் தெருவில் ஒரு அத்தை தன் அண்ணன் பிள்ளைகள் மூவரையும் தானே வைத்துக்கொண்டார். அவர் ஒருத்தியால் அது முடிந்திருக்காது. எதிர்வீட்டு டீச்சர் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்தார். மளிகைக் கடை அண்ணாச்சி மாதக் கடைசி வரை கணக்கில் எழுதிக்கொண்டார். அத்தை வேலையிலிருந்து வரத் தாமதமானால் பக்கத்து வீட்டில் சாப்பாடு. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: ‘யார் எடுத்துக்கொள்வது’ என்று மட்டும் பேசாதீர்கள், எடுத்துக்கொள்பவருக்கு மற்றவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்பதையும் அதே நாளில் பேசி முடியுங்கள்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரண்டூல் என்ற ஊரில் இதையே திட்டமிட்டுச் செய்தார்கள். அங்கே மூடப்பட்ட விமானப்படைத் தளத்தின் குடியிருப்பில், பிரெண்டா ஈஹார்ட் என்ற சமூகவியலாளரின் முயற்சியால் 1994-இல் ‘ஹோப் மெடோஸ்’ என்ற திட்டம் தொடங்கியது. வளர்ப்புக் குடும்பங்களுக்குப் பெரிய வீடுகள் கொடுத்தார்கள், அதனால் உடன்பிறந்தவர்களைச் சேர்த்தே வைத்துக்கொள்ள முடிந்தது. அதே தெருக்களில் முதியவர்களுக்குக் குறைந்த வாடகையில் வீடு. அதற்குப் பதிலாக வாரம் 6 மணி நேரமாவது அவர்கள் பிள்ளைகளுக்காகச் செலவிட வேண்டும். பாடம் சொல்லித் தருவது, பள்ளிக்கு அழைத்துப் போவது, சும்மா கூட இருப்பது. ரத்த சொந்தம் இல்லாத தாத்தா பாட்டிகள் அப்படித்தான் கிடைத்தார்கள்.

நம் சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 44-ஆவது பிரிவில், வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது பிள்ளைகளை வேறொரு குடும்பத்தில் வளர விடும்போது, உடன்பிறந்தவர்களைச் சேர்த்து வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது. பிரிப்பதுதான் பிள்ளைகளுக்கு நல்லது என்றால் மட்டும் விலக்கு. ஒரு பிள்ளை இன்னொன்றைத் துன்புறுத்துகிறது என்றால் பிரிக்கத்தான் வேண்டும். வீட்டில் இடம் போதவில்லை என்பது அந்த மாதிரிக் காரணம் இல்லை. காப்பகம் என்றால் இன்னொரு சிக்கல்: ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் தனித்தனி இல்லங்கள், அண்ணனும் தங்கையும் தானாகவே பிரிந்துவிடுவார்கள்.

பணம்தான் தடை என்றால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ‘மிஷன் வாத்சல்யா’ என்ற மத்திய அரசுத் திட்டத்தின் நிதி ஆதரவு பற்றிக் கேளுங்கள். உறவினர் வீட்டில் வளரும் பெற்றோரற்ற பிள்ளைக்குத் தலைக்கு மாதம் 4000 ரூபாய். வருமான வரம்பு உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம்.

எல்லாம் பார்த்தும் பிரிக்கத்தான் வேண்டும் என்றால், மூவருக்கும் ஒரே பள்ளி கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவும் இல்லையா, சனி ஞாயிறு யார் வீட்டில் மூவரும் சேர்ந்திருப்பார்கள் என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தீபாவளி, பொங்கலுக்குப் பார்ப்பதோடு நின்றுவிடும். மூத்தவளிடமும் உட்கார்ந்து கேளுங்கள். தம்பி தங்கையை விட்டு இருக்க முடியுமா என்று அவளிடம் இதுவரை யாராவது கேட்டார்களா?