சுண்டிக்குளிக்கு ஏன் கொழும்பு ஆயர்?

கேள்வி: யாழ்ப்பாணத்திலேயே ஆயர்மார் இருக்கும்போது, சுண்டிக்குளி சென் ஜோன்ஸ் தேவாலயம் ஏன் கொழும்பு ஆயரின் கீழ்? (வாசகி, கொக்குவில்)

பதில்: இங்குள்ள இருவரும் வேறு சபைக்காரர், ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் தென்னிந்திய திருச்சபை. சுண்டிக்குளியோ அங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துச் சபை வழிவந்தது.

1818இல் சி.எம்.எஸ். (இங்கிலாந்துச் சபையின் மிஷன் சங்கம்) மிஷனரி ஜோசப் நைட் நல்லூரில் வேலை தொடங்கியபோது கொழும்பில் ஆயரே கிடையாது. இலங்கை முழுவதும் கல்கத்தா ஆயரின் பொறுப்பு, அப்புறம் மதராஸ் ஆயரின் பொறுப்பு, அவர்களோ கடல் தாண்டி எப்போதாவதுதான் எட்டிப் பார்ப்பார்கள். 1845இல்தான் ஜேம்ஸ் சாப்மன் கொழும்பின் முதல் ஆயரானார். 1870களில் ஆயராக வந்த கொப்பிள்ஸ்டன் இளவயதுக்காரர், வந்த வேகத்தில் மிஷனரிமாரெல்லாம் தன் சொல்லுக்கு அடங்க வேண்டும் என்று சி.எம்.எஸ்.ஸுடன் பெரிய சண்டையே பிடித்தார். 1880களில் இந்தச் சபைக்குக் கிடைத்துவந்த அரச மானியமும் நின்றது. பௌத்தரும் சைவரும் கட்டிய வரியில் இங்கிலாந்துச் சபைக்குச் சம்பளம் கொடுத்தது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

சரி, யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1947இல் பல புரட்டஸ்தாந்து சபைகள் ஒன்றாகித் தென்னிந்திய திருச்சபை உருவானபோது அமெரிக்க மிஷன் வழிவந்த சபைகள் அதில் சேர்ந்தன, குலேந்திரன் அதன் யாழ்ப்பாண ஆயரானார் (அவர்கள் பேராயர் என்பார்கள்); இங்குள்ள அங்கிலிக்கர்கள் சேரவில்லை, கொழும்போடேயே நின்றுவிட்டார்கள். அந்தக் கொழும்புக்கே இலங்கையர் ஒருவர், ஹரல்ட் டி சொய்சா, ஆயராக வந்தது 1964இல்தான்.