வாடகை ஃப்ளாட் ஏஜென்சி கேட்பதெல்லாம் நியாயம்தானா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். ஹோட்டல் வேண்டாம், சமைத்துச் சாப்பிடுகிற மாதிரி ஒரு ஃப்ளாட் போதும் என்று தேடினால் ஏஜென்சிக்காரர்கள் ஒரு பக்க நீளத்துக்கு நிபந்தனை அனுப்புகிறார்கள், இதெல்லாம் வழக்கம்தானா, இல்லை நம்மிடம் மட்டும் கறக்கிறார்களா என்று. பதினெட்டு வருடமாகக் குடும்பங்களுக்குப் பயண ஏற்பாடு செய்துகொடுக்கிறேன். நிபந்தனை கடுமையாக இருக்கிறது என்பதற்காக ஒரு ஏஜென்சியை நான் ஒதுக்கியது கிடையாது, எதையுமே கேட்காதவரைப் பார்த்துத்தான் பயப்பட்டிருக்கிறேன். கேட்டதை எழுத்தில் தருகிறார்களா, அந்த எழுத்தில் அவர்கள் தரப்புக் கடமையும் இருக்கிறதா என்று பார்ப்பேன். கீழே உள்ள எல்லாப் பதில்களிலும் அதைத்தான் தேடியிருக்கிறேன்.

கொடைக்கானலில் மூன்று படுக்கையறை ஃப்ளாட், ஒன்பது பேர், இரண்டு இரவு. ஓர் இரவுக்கு 7,000 ரூபாய். பாதி முன்பணம், 10,000 ரூபாய் டெபாசிட், எல்லோருடைய ஆதாரும், இ-பாஸ் எடுக்க 500 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்கிறார்கள். கொடுக்கலாமா? (மதுரை வாசகர்)

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பாதி முன்பணம் சரிதான், சீசனில் நீங்கள் கடைசி நேரத்தில் வராமல் போனால் அந்த இரண்டு இரவும் அவருக்குப் போனது போனதுதான். ஆனால் எத்தனை நாள் முன்னால் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். டெபாசிட் பத்தாயிரம் என்பது 14,000 ரூபாய் வாடகைக்கு எனக்கு அதிகமாகத்தான் படுகிறது, பேசிப் பாருங்கள். இறங்கி வராவிட்டாலும் பரவாயில்லை, சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போதே பணம் கைக்கு வருகிறதா, அல்லது "ஒரு வாரத்தில் அக்கவுன்ட்டில் போடுகிறோம்" என்கிறார்களா என்பதுதான் முக்கியம். ஒரு வாரம் என்றால் எனக்குச் சம்மதமில்லை. வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கால் மணி நேரம் போதும்.

தங்குபவர் யார் என்று பதிவு வைத்திருக்க வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு இருக்கிறது, அதனால் அடையாளம் கேட்பது நியாயம். அது ஆதாராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ போதும். ஆதார்தான் கையில் இருக்கிறது என்றால் ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே முதல் எட்டு எண்களை மறைத்த பிரதி கிடைக்கும், அதை இறக்கிக் கொடுங்கள். அசலை வாங்கி வைத்துக்கொண்டு "போகும்போது தருகிறோம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இ-பாஸுக்கு 500 ரூபாயா? சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பது உண்மை. அது அரசுத் தளத்தில் இலவசம். போனிலேயே ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

ஜிஎஸ்டி கணக்கும் தப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான தங்குமிடத்துக்கு வரி 5 சதவீதம்தான், 18 சதவீதம் அதற்கு மேல் போனால் மட்டும். முதலில் அவர்களுடைய ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். பதினைந்து இலக்கம் இருக்கும், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-இல் ஆரம்பிக்கும், ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யாருடைய பெயர் என்று காட்டும். வருடம் இருபது லட்சத்துக்குள் வருமானம் உள்ள சிறிய ஆட்கள் பதிவு செய்யாமல் இருக்கலாம், அதில் தவறில்லை. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்க மட்டும் முடியாது.

ஜூன் மாதம் பாரிஸில் பத்து நாள். எட்டு மாதம் முன்னாலேயே 40 சதவீதம் கட்டச் சொல்கிறது அங்குள்ள ஏஜென்சி. 800 யூரோ டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டு, இரவு எட்டு மணிக்கு மேல் வந்தால் 50 யூரோ கூடுதல். விசாவே இன்னும் வரவில்லை. (சென்னை வாசகி)

இங்கே சட்டமே உங்களுக்குத் துணை இருக்கிறது, நம் ஊரிலிருந்து போகிற பலருக்கு இது தெரிவதில்லை. பிரான்ஸில் சீசன் வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் உரிமம் பெற்ற ஏஜென்சி, சாவி கொடுப்பதற்கு ஆறு மாதத்துக்கு முன்னால் பணம் வாங்கக் கூடாது, வாங்கும்போதும் மொத்த வாடகையில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டுக்காரரே நேரடியாக விட்டால் இந்த வரம்பு கிடையாது, இடையில் ஏஜென்சி இருந்தால் உண்டு. எட்டு மாதம், 40 சதவீதம் இரண்டுமே மீறல். கோபப்படாமல் அந்த விதியைச் சொல்லி மின்னஞ்சல் எழுதுங்கள், கூடவே அவர்களுடைய தொழில் அட்டை எண்ணையும் கேளுங்கள், அந்த ஊர் வணிகச் சபை தருவது அது. எண் தர மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், முன்பணத்துக்கு அவர்கள் ஒப்பந்தத்தில் என்ன சொல் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிரெஞ்சில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'ஆர்ஹ்' என்றால் நீங்கள் பின்வாங்கினால் அந்தப் பணம் போகும், அவர்கள் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். 'அகோந்த்' என்றால் இரு தரப்பும் முழுதாகக் கட்டுப்பட்டவர்கள், நீங்கள் ரத்து செய்தாலும் மீதி வாடகையைக் கேட்க அவர்களுக்கு உரிமை வருகிறது. விசா கையில் இல்லாத நிலையில் இந்த இரண்டாவது சொல் உள்ள தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். விசா மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் முன்பணம் திரும்பும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நல்ல ஏஜென்சிகள் சேர்க்கும், நான் பலமுறை சேர்க்க வைத்திருக்கிறேன்.

டெபாசிட் 800 யூரோ பாரிஸ் ஃப்ளாட்டுக்கு அதிசயமான தொகை இல்லை. கார்டில் தொகையை நிறுத்தி வைக்க மட்டும் செய்கிறார்களா, நிஜமாகவே எடுத்துவிடுகிறார்களா என்று கேளுங்கள். எடுத்துவிட்டுப் பிறகு திருப்பினால் யூரோ மாற்று விகிதத்திலும் வங்கிக் கட்டணத்திலும் உங்களுக்கு நஷ்டம். டெபிட் கார்டு கொடுக்காதீர்கள், உங்கள் பணம் பயணம் முழுக்க முடங்கிக் கிடக்கும். உள்ளே நுழைந்ததும் பொருள் பட்டியலில் கையெழுத்து வாங்குவார்கள். அசதியில் அப்படியே போட்டுவிடாமல் ஒவ்வோர் அறையாக வீடியோ எடுத்து, இருக்கிற கீறலையும் கறையையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். நான் இதைச் செய்யாமல் விட்டு, குளியலறையில் ஏற்கெனவே உடைந்திருந்த கண்ணாடிக் கதவுக்காக 220 யூரோ இழந்திருக்கிறேன். குழந்தைகளுக்குத் தூக்கம் வருகிறதே என்று அவசரப்பட்டேன், அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு மேல் 50 யூரோ என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒருவர் வேலை நேரம் முடிந்த பிறகும் உங்களுக்காகக் காத்திருக்கிறார். விமானம் தாமதமானால் என்ன என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பார்சிலோனாவில் ஃப்ளாட் எடுத்தோம். ஐந்து பேரின் பாஸ்போர்ட் எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி, குழந்தைகளுக்கும் எங்களுக்கும் என்ன உறவு என்பது வரை கேட்கிறார்கள். பாஸ்போர்ட் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பு என்கிறார்கள். (திருச்சி வாசகர்)

விவரம் கேட்பது அவர்கள் விருப்பம் இல்லை, ஸ்பெயின் அரசின் 933/2021 ஆணை. 2024 டிசம்பர் 2 முதல் சுற்றுலா வீடு விடுபவர்களும் இதை உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் ஏற்றியே ஆக வேண்டும், பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்தும் போட வேண்டும். குழந்தைகளின் உறவுமுறையும் அந்தப் பட்டியலிலேயே உண்டு. ஆகவே பதற்றப்படாமல் கொடுங்கள்.

விவரம் வேறு, பாஸ்போர்ட்டின் முழுப் படம் வேறு. ஆவணத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது தேவைக்கு மீறியது என்று ஸ்பெயினின் தரவுப் பாதுகாப்பு அமைப்பே 2025-இல் சொல்லிவிட்டது. படிவத்தை நிரப்பி அனுப்புகிறோம், பாஸ்போர்ட்டை நேரில் காட்டுகிறோம் என்று சொல்லுங்கள். பதிலுக்கு நீங்களும் ஒன்று கேளுங்கள், அந்த வீட்டின் சுற்றுலா உரிம எண். பார்சிலோனாவில் அது எச்யுடிபி என்ற எழுத்துகளில் ஆரம்பிக்கும். உரிமம் உள்ள சுமார் பத்தாயிரம் சுற்றுலா வீடுகளையும் 2028-க்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அந்த மாநகரம் அறிவித்திருக்கிறது, உரிமம் இல்லாத வீடுகள் மீது அங்கே இரக்கமே கிடையாது.

சிங்கப்பூரில் ஒரு வாரத்துக்கு ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீடு மலிவாகக் கிடைக்கிறது. ஒரே நிபந்தனை, கீழே யாராவது கேட்டால் "சொந்தக்காரர்கள்" என்று சொல்ல வேண்டுமாம். (தஞ்சாவூர் வாசகி)

வேண்டாம். தனியார் குடியிருப்பைக்கூட அங்கே மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது, வீவக வீடு, அதாவது அரசு வீடமைப்புக் கழகம் கட்டிய வீடு என்றால் ஆறு மாதம், அதுவும் சுற்றுலாப் பயணிக்கு விடவே கூடாது. பொய் சொல்லச் சொல்வது நிபந்தனையாக வரும்போதே இது தெரிந்து செய்கிற மீறல் என்று ஆகிவிட்டது. சிங்கப்பூர் போகும் முன் நிரப்புகிற வருகை அட்டையில் தங்குமிட முகவரி கேட்பார்கள், அங்கே என்ன எழுதுவீர்கள்? பெட்டியும் குழந்தைகளுமாக நடுராத்திரியில் வெளியே நிற்க நேர்ந்தால் அந்த மலிவு யாருக்கும் உதவாது. லிட்டில் இந்தியா பக்கம் சிறிய ஹோட்டல்கள் நிறைய இருக்கின்றன, சாப்பாட்டுக்கும் கஷ்டமில்லை.

கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிறது. என் அடையாள அட்டையில் அப்பாவின் இனிஷியல்தான் இருக்கிறது. கோவையில் சர்வீஸ் அபார்ட்மென்ட் ஏஜென்சி திருமணச் சான்றிதழ் இல்லாமல் முடியாது, போலீஸ் ரூல் என்கிறது. (பெயர் வேண்டாம்)

அப்படி ஒரு போலீஸ் விதி இல்லைம்மா. 2019-இல் கோவையிலேயே ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டை, திருமணமாகாத ஜோடி தங்கியிருந்தது என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி அதிகாரிகள் சீல் வைத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், அந்த டிசம்பரில், திருமணமாகாதவர்கள் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லி சீலை அகற்ற உத்தரவிட்டார்கள். திருமணம் ஆகாதவர்களுக்கே இதுதான் நிலை என்றால் உங்களிடம் சான்றிதழ் கேட்க அவர்களுக்கு என்ன இருக்கிறது? இருவரிடமும் செல்லுபடியாகும் அடையாள அட்டை இருக்கிறதா, பதினெட்டு வயது ஆகிவிட்டதா, அதோடு அவர்கள் வேலை முடிந்தது.

நடைமுறையில், வீட்டுக்காரருடைய சொந்த விருப்பத்தைச் சட்டம் என்று சொல்லிச் சாதிக்கிறார்கள். அது அவர்கள் வீட்டு விதி என்றால் பணம் வாங்குவதற்கு முன்பே அவர்களுடைய இணையப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். முன்பணத்தை வாங்கிக்கொண்டு வாசலில் வைத்துச் சொன்னால் முழுத் தொகையையும் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணை ரிசப்ஷனில் நிறுத்தி நிரூபிக்கச் சொல்வது எனக்கு மனதைக் கஷ்டப்படுத்துகிறது. வேறு ஏஜென்சி பாருங்கள்.

ஆஸ்திரியாவில் மலைப்பக்கம் ஒரு வாரம். கடைசி நாள் சுத்தம் செய்ய 90 யூரோ, படுக்கை விரிப்புக்குத் தனிக் கட்டணம், தலைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஊர் வரி. இதையெல்லாம் விட "இந்தியச் சமையல் கூடாது" என்று எழுதியிருக்கிறார்கள். (பெங்களூரு வாசகர்)

முதல் மூன்றும் அந்தப் பக்கத்து வழக்கம். ஊர் வரி உள்ளாட்சிக்குப் போவது, பல ஊர்களில் அதற்குப் பதிலாக ஒரு விருந்தினர் அட்டை கொடுப்பார்கள், பேருந்திலோ கேபிள் காரிலோ சலுகை கிடைக்கும், மறக்காமல் கேட்டு வாங்குங்கள். இந்தக் கட்டணங்கள் முதல் விலையிலேயே தெரிந்தனவா, கடைசியில் சேர்த்தார்களா என்பதை மட்டும் பாருங்கள்.

நான்காவது நியாயம் இல்லை. நிறைய எண்ணெயில் பொரிக்காதீர்கள், சமைக்கும்போது புகைபோக்கியைப் போடுங்கள், போகும் முன் அடுப்பைத் துடைத்துவிடுங்கள் என்று சொல்லட்டும், அது யாருக்கும் பொதுவான விதி, நாமும் மதிக்க வேண்டியது. வாசனை திரைச்சீலையில் ஏறினால் அடுத்து வருகிறவருக்குச் சிரமம் என்பதும் உண்மைதான். ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி அந்தச் சமையலே கூடாது என்றால், சமையலறையோடு கூடிய வீடு என்று விலை போட்டு விற்றுவிட்டு அதை உங்களுக்கு மட்டும் மூடுகிறார்கள். "எங்கள் குழந்தைகளுக்கு ரசமும் சாதமும் தினமும் வைப்போம், பொரிக்க மாட்டோம், சம்மதமா?" என்று எழுதிக் கேளுங்கள். அநேகமாகச் சரி என்றுதான் பதில் வரும். வராவிட்டால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். இன்னொன்று, மிளகாய் தாளிக்கிற புகையில் அலாரம் அலறித் தீயணைப்பு வண்டி வந்துவிட்டால் சில இடங்களில் செலவை உங்கள் தலையில் கட்டுவார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துத் தாளியுங்கள்.

கோவாவில் வில்லா. முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. இப்போது "டெபாசிட் திருப்பித் தரும் வசதிக்கு" ஒரு க்யூஆர் அனுப்பி, ஸ்கேன் செய்து யுபிஐ பின் (PIN) எண்ணைப் போடச் சொல்கிறார்கள். (சேலம் வாசகர்)

போடாதீர்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை, பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று மட்டும்தான் அர்த்தம். கட்டிய பணம் தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்குப் போயிருந்தால் அந்த வில்லா இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். வரைபடத்தில் அந்த முகவரியில் இருக்கும் இடத்தின் எண்ணைத் தனியாகத் தேடிக் கூப்பிட்டு, உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இல்லை என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், பிறகு வங்கியைக் கூப்பிடுங்கள், அவர்கள் அனுப்பிய செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள்.