5.5-லிருந்து 6.7: திரை நீண்டது, எழுத்து ஏன் பெரிதாகவில்லை?

கேள்வி: அப்பாவிடம் 2017-இல் வாங்கிய 5.5 அங்குல ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. பார்வை மங்கிவிட்டதால் பெரிய திரை வேண்டும் என்கிறார். ஆனால் போனைச் சட்டைப் பையில் வைத்துத்தான் பழக்கம். கடையில் 6.7 அங்குலத்துக்குக் குறைந்து எதையும் காட்டவே மாட்டேன் என்கிறார்கள். அவ்வளவு பெரிய போன் அவர் கையில் நிற்குமா? எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரியும்? பழைய 5.5 அங்குல போன்கள் எங்கே போயின? விலையைப் பார்க்காமல் மடக்குப் போன் வாங்கினால் பயன் உண்டா?

பதில்: அகலத்தில் அப்பாவுக்கு வித்தியாசமே தெரியாது, உயரத்தில் நன்றாகத் தெரியும். எழுத்தைப் பொறுத்தவரை, பெட்டியிலிருந்து எடுத்தபடியே கொடுத்தால் புதிய போனில் அது பழையதைவிடச் சற்றுச் சிறிதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

அங்குலக் கணக்கு ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை எடுக்கும் குறுக்களவு. திரை ஒல்லியாகி நீண்டாலும் அந்த எண் ஏறும். 2017 வரை வந்த போன்களின் திரை பெரும்பாலும் 16:9 விகிதம், அதாவது உயரம் 16 பங்கு என்றால் அகலம் 9 பங்கு. அவற்றின் அங்குல எண்ணை 12.45-ஆல் பெருக்கினால் திரையின் அகலம் மில்லிமீட்டரில் கிடைக்கும். இன்றைய 20:9 திரைக்கு 10.4-ஆல் பெருக்க வேண்டும். ஆக, பழைய 5.5-இன் அகலம் 68.5 மி.மீ.; புதிய 6.7-இன் அகலம் ஏறத்தாழ 69.8 மி.மீ. குறுக்களவில் 1.2 அங்குலம் கூடியும் அகலத்தில் கிடைத்தது 1.3 மி.மீ. மட்டும்தான். மிச்சமெல்லாம் உயரத்துக்குப் போய்விட்டது: 122 மி.மீ. இருந்தது 155 ஆகிவிட்டது. போதாததற்கு, மூலைகள் வளைக்கப்படாமல் கூராக இருப்பதாக வைத்துத்தான் அந்த 6.7 சொல்லப்படுகிறது. கண்ணில் படும் பரப்பு அதைவிடக் கொஞ்சம் குறைவு.

இது எப்படி நடந்தது என்று பார்த்தால் 5.5 காணாமல் போன காரணமும் புரியும். 2010-இல் வந்த டெல் ஸ்ட்ரீக் 5 அங்குலத் திரை கொண்டது. உடலின் அகலம் 79 மி.மீ., எடை 220 கிராம். திரைக்கு இருபுறமும் சேர்த்து ஏறத்தாழ 14 மி.மீ. வெறும் சட்டம். 2011 செப்டம்பரில் பெர்லின் கண்காட்சியில் சாம்சங் அறிமுகப்படுத்திய கேலக்ஸி நோட் 5.3 அங்குலம், 16:10 விகிதம். உடல் 83 மி.மீ. அகலம். காதில் வைத்துப் பேசினால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்று அப்போது கேலி செய்தார்கள். கவனித்தால் அதன் திரையின் அகலம் 71 மி.மீ.; அதாவது இன்று ‘பெரிய திரை’ என்று விற்கும் 6.7 அங்குல போனைவிட அகலம்! 2013-இல் சோனி எக்ஸ்பீரியா இசட் அல்ட்ரா 6.44 அங்குலத்துடன் வந்தபோது உடல் 92 மி.மீ. அகலத்துக்குப் போனது. ஒரு கையால் பிடிப்பது நடக்காத காரியம். 16:9 விகிதத்தில் திரையை வளர்த்தால் அகலமும் கூடவே வளரும், கை அதற்கு ஒரு எல்லை வைக்கும் என்பது அங்கே தெளிவாகிவிட்டது.

இந்தியாவில் பெரிய திரையைச் சாதாரண விலைக்கு இறக்கியதில் மைக்ரோமேக்ஸ் கேன்வாஸ் 2-க்கு முக்கிய இடம் உண்டு. 2012-இன் கடைசியில் வந்தது. 5 அங்குலம், விலை 10 ஆயிரத்துக்குள். திரையில் 854×480 புள்ளிகள்தான் என்பதால் எழுத்தின் ஓரம் ரம்பப் பல்லாகத் தெரிந்தது. ஆனால் வாங்கியவர்கள் பார்த்தது திரையின் அளவைத்தான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்ததும் போனில் படம் பார்ப்பது அன்றாடப் பழக்கமாகி, சிறிய திரைக்குக் கிராக்கி குறைந்தது.

அடுத்த ஆண்டு திருப்பம். 2017-இல் எல்ஜி ஜி6 18:9 விகிதத்தில் வந்தது. தொடர்ந்து கேலக்ஸி எஸ்8 18.5:9. 5.8 அங்குல எஸ்8-இன் உடல் வெறும் 68 மி.மீ. அகலம். திரையை நீட்டினால் கைக்குப் பாரமில்லாமல் விளம்பரத்தில் பெரிய எண்ணைப் போடலாம் என்று எல்லாரும் கண்டுகொண்டார்கள். முகப்புப் பொத்தான் போனது. விரல்ரேகை உணரி முதுகுக்குப் போய், பிறகு திரைக்கு அடியில் புகுந்தது. கீழே மோவாய் போல் இருந்த தடித்த சட்டத்துக்குக் காரணம் திரையை இயக்கும் சில்லு. பழைய எல்சிடி திரைகளில் அது கண்ணாடி மேலேயே ஒட்டப்பட்டிருக்கும். அதை வளையும் படலத்தில் ஏற்றிப் பின்பக்கம் மடித்தார்கள். 2017-இன் ஐபோன் 10-இல் வளையக்கூடிய ஓஎல்இடி வகைத் திரையின் கீழ்விளிம்பையே மடித்து உள்ளே செருகினார்கள். விலை குறைந்த போன்களில் இன்றும் கீழ்ச்சட்டம் தடிப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம்; மடிக்கும் வேலைக்குச் செலவு அதிகம்.

2014-இன் ஐபோன் 6 பிளஸ் 5.5 அங்குலத் திரை, உடல் 158.1 × 77.8 மி.மீ. 2024-இன் ஐபோன் 16 புரோ மேக்ஸ் 6.9 அங்குலத் திரை. உடல் 163 × 77.6 மி.மீ. பத்தாண்டில் அகலம் மாறவே இல்லை, உயரம் 5 மி.மீ. கூடியது. ஆனால் எடை 172 கிராமிலிருந்து 227 கிராம். கை வலிக்கிறது என்று பெரியவர்கள் சொன்னால் அது திரையின் அளவால் அல்ல, பெரும்பாலும் இந்த எடையால். பேட்டரியும் கேமராவும் சேர்த்த பாரம் அது. கேமரா மேலே இருப்பதால் போன் தலைகனத்து முன்பக்கம் சாயும்; அதைத் தாங்கச் சுண்டுவிரலை அடியில் முட்டுக் கொடுப்போம். மணிக்கணக்கில் அப்படிப் பிடித்தால் விரல் மரத்துப்போகும்.

இனி எழுத்து விஷயம். ஆண்ட்ராய்டு திரையின் அகலத்தைக் கண்ணுக்குத் தெரியாத கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. எழுத்து, பொத்தான், படக்குறி எல்லாவற்றின் அளவும் அந்தக் கட்டக் கணக்கில்தான். 5.5 அங்குலக் காலத்தில் பெரும்பாலான போன்களில் அகலத்துக்கு 360 கட்டங்கள். அதாவது ஒரு கட்டம் 0.19 மி.மீ. இப்போதைய 6.7 அங்குல போன்களில் நிறுவனத்தைப் பொறுத்து 384 முதல் 411 வரை. அகலம் கூடாமல் கட்டம் மட்டும் கூடியதால் ஒவ்வொரு கட்டமும் 0.17, 0.18 மி.மீ. ஆகச் சுருங்கியது. எழுத்து 5 முதல் 10 சதவீதம் வரை சிறுக்கிறது. திரையில் அதிகம் காட்டுகிறோம் என்பதற்காக நிறுவனங்கள் செய்யும் வேலை இது. அறுபது வயதுக் கண்ணுக்கு ஆகாது.

சரிசெய்வது எளிது. அமைப்புகளில் ‘டிஸ்ப்ளே’ பகுதிக்குப் போனால் ‘ஃபான்ட் சைஸ்’, ‘டிஸ்ப்ளே சைஸ்’ என்று இரண்டு அளவுகள் இருக்கும். சாம்சங் போன்களில் இரண்டாவதன் பெயர் ‘ஸ்கிரீன் ஜூம்’. பலர் முதலாவதை மட்டும் கடைசி வரை இழுத்துவிடுகிறார்கள். அப்போது எழுத்து மட்டும் வீங்கும், பொத்தான் அப்படியே இருக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ‘சமர்ப்பிக்கவும்’ போன்றவை பாதியில் வெட்டுப்படும். முதலில் டிஸ்ப்ளே சைஸை ஒரு படி கூட்டுங்கள். படக்குறி, பொத்தான், எழுத்து எல்லாம் ஒருசேர வளரும். போதாவிட்டால்தான் ஃபான்ட் சைஸை ஒன்றிரண்டு படி. ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 சதவீதம் வரை பெருக்கலாம். ஏற்கெனவே பெரிதாக இருக்கும் தலைப்புகள் அதே வேகத்தில் வளராதபடி அதில் ஏற்பாடு உண்டு. வாட்ஸ்அப்பில் ‘சாட்ஸ்’ அமைப்புக்குள் தனி எழுத்தளவு இருக்கிறது, அதை மறக்க வேண்டாம். தமிழ் விசைப்பலகையில் விசைகள் நெருக்கமாக இருக்கும். கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டு அமைப்பில் ‘கீபோர்டு ஹைட்’ உயரத்தைக் கூட்டினால் தட்டச்சுப் பிழை குறையும். நீளத் திரையின் உண்மையான லாபம் இங்கேதான்: பெரிய விசைப்பலகை வந்த பிறகும் மேலே நாலு வரி படிக்க இடம் மிஞ்சும்.

‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ என்று செயலி உருவாக்குவோருக்காக மறைத்து வைத்த அமைப்புப் பகுதியைத் திறந்து கட்டங்களின் எண்ணிக்கையை 360 என்று நேரடியாக மாற்றும் வழியை யூடியூபில் காட்டுவார்கள். வேலை செய்யும்தான். ஆனால் அந்தப் பகுதி திறந்திருந்தால் சில வங்கிச் செயலிகள் ஓட மறுக்கும். அப்பா போனில் அந்த வம்பு வேண்டாம்.

எழுத்துக்கு இன்னொரு எதிரி குறைந்த புள்ளி அடர்த்தி, அதாவது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்பது. 10 ஆயிரம் ரூபாய் வட்டாரத்தில் 6.7, 6.88 அங்குலம் என்று வரும் போன்களில் பல 720 புள்ளி அகலம் கொண்டவை. கணக்குப்படி அங்குலத்துக்கு 260 புள்ளிதான். 1080 புள்ளி அகலமுள்ள 6.7 திரையில் அது 393. ஆங்கிலம் படித்தால் பெரிய குறை தெரியாது. ஞ, ணு, ழூ போன்ற சுழி நெருங்கிய எழுத்துகளில் வித்தியாசம் தெரியும். பெட்டியில் ‘எச்டி+’ என்றிருந்தால் 720, ‘எஃப்எச்டி+’ என்றிருந்தால் 1080. படிப்பதற்காக வாங்கும் போனில் நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரையைவிட இதற்குக் கூடுதல் காசு கொடுப்பது நியாயம்.

கையும் பையும். கடை விவரப் பட்டியலில் அங்குலத்தை விட்டுவிட்டு ‘டைமென்ஷன்ஸ்’ என்ற வரியைப் பாருங்கள். மூன்று எண்களில் நடுவில் இருப்பதுதான் அகலம். 2017-இன் 5.5 அங்குல போன்கள் ஏறத்தாழ 151 × 76 மி.மீ., எடை 165-175 கிராம் இருந்தன. 6.7 என்று விற்பவற்றில் 74 மி.மீ. அகலமும் உண்டு, 78 மி.மீ. அகலமும் உண்டு. 76-க்குள் இருப்பதாகவும், 190 கிராமுக்கு மிகாததாகவும் தேடுங்கள். மேலுறை போட்டால் அகலத்தில் 3-4 மி.மீ., எடையில் 20 கிராமுக்கு மேல் கூடும். அதையும் கணக்கில் சேருங்கள்.

சட்டைப் பைதான் சிக்கல். பை ஏறத்தாழ 13 முதல் 15 செ.மீ. ஆழம் இருக்கும், போன் 16 செ.மீ.க்கு மேல். 6.88 அங்குலத்தில் சில 17 செ.மீ. தாண்டும். தலைகனமான பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் குனிந்து செருப்பு மாட்டும்போது விழும். வாங்குமுன் தடித்த அட்டையில் 163 × 76 மி.மீ. வெட்டி, ஒன்றிரண்டு நாள் அப்பா பையில் வைத்துப் பாருங்கள். அதே அட்டையை இடக்கையில் பிடித்து, கட்டைவிரல் எதிர் மேல்மூலையை எட்டுகிறதா என்றும் பார்க்கலாம். எட்டாது. அதற்குத்தான் ஒருகை வசதி: அமைப்புகளில் ‘ஒன்-ஹேண்டட் மோட்’ என்று தேடி இயக்கிவிட்டால், கீழ்விளிம்பில் விரலைக் கீழ்நோக்கி இழுத்ததும் பல போன்களில் மேலே இருப்பது பாதித் திரைக்கு இறங்கி வரும். ஐபோனில் இதன் பெயர் ‘ரீச்சபிலிட்டி’. பை பழக்கத்தை அப்பா விடவே மாட்டார் என்றால், பையில் கொக்கி போடும் கழுத்துக்கயிறு உள்ள மேலுறை வாங்கிக்கொடுங்கள். கால்சட்டைப் பின்பையில் வைத்து உட்கார மட்டும் விடாதீர்கள்; நீளமான, மெல்லிய உடல் வளைய எளிது. ஐபோன் 6 பிளஸ் 2014-இல் கால்சட்டைப் பையில் வளைந்துதான் செய்தியானது.

திரை ஓரம் வளைந்த மாடலைத் தவிர்ப்பது நல்லது. சாதாரண டெம்பர்டு கிளாஸ் அதில் ஒட்டாது. பசை ஊற்றிப் புறஊதா விளக்கில் காயவைக்கும் வகைதான் பொருந்தும். பசை ஒலிபெருக்கித் துளைக்குள் வழிந்தால் குரல் அமுங்கும். கீழே விழுந்து உடைந்தால் கண்ணாடியை மட்டும் மாற்ற முடியாமல் திரை முழுவதையும் மாற்றச் சொல்வார்கள்.

மடக்குப் போன் பற்றி. படம் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஒரு கணக்கைப் பாருங்கள். 6.7 அங்குல போனைப் படுக்கவைத்து 16:9 வீடியோ பார்த்தால் இருபுறமும் கறுப்புப் பட்டை போக, படம் 5.6 அங்குலம்தான். பழைய போனில் அது 5.5. மடக்கை விரித்தால்? கேலக்ஸி இசட் ஃபோல்டு 7-இன் உள்திரை 8 அங்குலம், ஏறக்குறைய சதுரம். அதே வீடியோ அதில் 6.8 அங்குலம் வரும், மேலும் கீழும் பட்டை விழும். 215 கிராம் எடையில் இது மோசமில்லை. ஆனால் விரியும் திரையின் மேற்பரப்பு வளையும் படலம். நகம் அழுந்தினால் தடம் விழும், மணல் புகுந்தால் கீல் கெடும். 2019-இல் முதல் ஃபோல்டு மாதிரிகளில் சிலர் மேல்படலத்தை ஸ்கிரீன்கார்டு என்று நினைத்து உரித்துவிட, திரையே போனது. விற்பனை ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. அப்பாவுக்கு அந்த வகையைப் பரிந்துரைக்க மாட்டோம். 1080 புள்ளி அகலத் திரையுள்ள சாதாரண 6.7 போன் ஒன்றும், வீட்டில் படிக்கவும் படம் பார்க்கவும் 10 அல்லது 11 அங்குல டேப்லெட் ஒன்றும் வாங்கினால், இரண்டும் சேர்ந்தே மடக்குப் போனின் விலையில் பாதிகூட வராது.